அந்த ஒரு பெருக்கல் குறி

டைல் எனும் சதுர அட்டைகளை ஒட்டி நகரம், சாலை, வயல் அமைக்கும் பலகை ஆட்டம் கார்கசோன். அதன் டிஜிட்டல் பதிப்பில் என் நகரம் மூட இன்னும் ஒரே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்துக்கு மூன்று பக்கம் நகரம், நான்காவது பக்கம் சாலை. திடீரென அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி விழுகிறது. இனி அங்கே எந்த டைலும் பொருந்தாது.

கார்கசோனின் அடிப்படை ஆட்டத்தில் மொத்தம் 72 டைல்கள். இந்தப் பொருத்தத்துக்கு இருப்பதே 3. அந்த மூன்றும் வேறெங்கோ போய்விட்டன.

நகரத்துக்குள் நிற்கும் மீப்பிள் (ஆள் வடிவக் காய்) கடைசிவரை சிறைதான். ஒருவர் கையில் இருப்பதே 7 மீப்பிள்!

டிஜிட்டலில் மீதி டைல்களின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை. மூடிய நகரத்துக்கு டைலுக்கு 2 புள்ளி, மூடாததற்கு 1தான்.

நான்கு பக்கமும் நகரமாக இருப்பது ஒரே ஒரு டைல். எதிராளியின் ஓட்டையை அப்படி ஆக்கிவிட்டால் அவர் அதற்காகவே காத்துக் கிடப்பார். (கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும்.)

வயலில் படுக்க வைக்கும் மீப்பிளான விவசாயியும் திரும்பி வரமாட்டார். ஆனால் வயலை ஒட்டி மூடப்பட்ட ஒவ்வொரு நகரத்துக்கும் ஆட்ட முடிவில் 3 புள்ளி. அவரைத் தொடக்கத்திலேயே படுக்க வைத்தால் கடைசியில் ஆள் பஞ்சம்தான்.