பத்தாம் பாட்டு

காய்ச்சல் என்று நான் படுத்தால், எங்கள் அப்பத்தா நெற்றி நிறையத் திருநீறு பூசி, ‘மந்திர மாவது நீறு’ என்று தொடங்கித் திருநீற்றுப் பதிகத்தின் பதினொரு பாட்டையும் சொல்லி முடித்த பிறகுதான் கஞ்சி வைக்க எழுவார். பள்ளிக்கூடம் போகும் முன்பே அந்தப் பதிகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அதன் பத்தாம் பாட்டு என்ன சொல்கிறது என்பதை முப்பத்தைந்து வயதில், ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மதங்களை ஒப்பிட்டு ஆராயும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன் என்றதும் உறவினர்கள் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். சாமியாராகப் போகிறாயா என்பது ஒன்று. அரசாங்கக் காசில் மதத்தைச் சொல்லிக்கொடுக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி நியாயமானது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் போதனை வேறு, ஆராய்ச்சி வேறு. குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுப் பொருளாக்குவது சமய போதனை ஆகாது என்று 1971இல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கொன்றில் தெளிவாகக் கூறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இசுலாம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆய்வு அமைப்புகள் இருப்பதும் இந்த வேறுபாட்டின் மேல்தான். அவரவர் மதத்தை அவரவர் துறையில் படித்துவிட்டுப் போவதோடு நின்றால் இந்தப் படிப்பின் பாதிப் பயன் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதல் பருவத்தில் முறையியல் படித்தோம். 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுத் துறையை உருவாக்கிய நினியன் ஸ்மார்ட், கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஆய்வாளர் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்புகிறவரின் உலகில் அந்தக் கடவுள் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொன்னவர். படிக்கும்போது எளிதாகத் தோன்றிய இந்த விதி, நான் குழந்தையிலிருந்து சொல்லிவந்த பாட்டின் மேல் வைக்கப்பட்டபோது என்னைத் தூங்கவிடவில்லை.

சம்பந்தர் பதிகங்களின் அமைப்பைப் பற்றிய பாடம் அது. பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் திருமாலும் பிரமனும் சிவனைக் காண முடியாமல் திகைப்பார்கள். பத்தாம் பாட்டில் சமணரும் பௌத்தரும் பழிக்கப்படுவார்கள். பதினொன்றில் பாடியவர் பெயரும் பாடுவதால் வரும் பயனும் இருக்கும். எடுத்துக்காட்டுக்கு ஒரு பதிகம் சொல்லுங்கள் என்று பேராசிரியர் கேட்க, நான் திருநீற்றுப் பதிகத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். ‘குண்டிகைக் கையர்களோடு சாக்கியர் கூட்டமும் கூடக் கண்திகைப் பிப்பது நீறு’ என்ற வரிக்கு, அதாவது கமண்டலம் ஏந்திய சமணரையும் பௌத்தரையும் திகைக்க வைப்பது திருநீறு என்ற இடத்துக்கு வந்ததும், பக்கத்தில் இருந்த, என்னோடு படிக்கும் தம்பி ஒருவர் என் பக்கம் திரும்பினார். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தவர்; நயினார்கள் என்று அழைக்கப்படுபவர்கள். கோபமே இல்லாத குரலில், “பத்தாம் பாட்டில் வருகிறவர்கள் நாங்கள்தான், அக்கா” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தனை ஆண்டுகள் சொல்லியும் அந்த வரிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அந்தப் பதிகத்தை மறுபடி படித்தோம். பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்க்கச் சம்பந்தர் இதை மதுரையில் பாடினார் என்பது மரபு. ‘தென்னன் உடலுற்ற தீப்பிணி’ தீரச் சொன்ன பாடல்கள் என்று பதினொன்றாம் பாட்டே கூறுகிறது. சமணர்கள் கழுவேறியதாகச் சொல்லும் கதை இந்தப் பதிகத்தில் இல்லை. மதுரையைச் சுற்றிய எண்பெருங்குன்றத்துச் சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய கதையைப் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லும் சேக்கிழார், சம்பந்தருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவர். பாடலின் காலம் வேறு, அதைச் சுற்றி வளர்ந்த வரலாற்றின் காலம் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றது அப்போதுதான். அப்படிப் பிரித்தால் பழிப்பு மறைந்துவிடுமா என்றால், மறையாது. ஏழாம் நூற்றாண்டில் அரசவையின் ஆதரவுக்காக மூன்று சமயங்கள் மோதிய சூடு அந்த வரியில் அப்படியே இருக்கிறது.

களப்பணிக்கு மதுரையை அடுத்த கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக்குளம், கருப்பசாமி கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளம், சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் திருமேனிகள், பார்சுவநாதர் உட்பட; அவர்களோடு பாகுபலியும். சிற்பங்களின் அடியில், பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில், யார் செய்வித்தது என்ற குறிப்பு. தம்பி முழங்காலிட்டு, விரலைக் கல்லில் படாமல் நகர்த்தியபடி ஒரு குறிப்பை வாசித்தார்: அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. இந்தக் கல்வெட்டுகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மதுரையில் சமணம் பூண்டோடு அழிந்ததாகக் கதை சொல்லும் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், மதுரையை ஒட்டிய மலையில் ஒரு தாய் பொருள் கொடுத்துச் சிலை செய்வித்திருக்கிறார். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் சமணக் குகையை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்த இளங்கௌதமனும் மதுரை ஆசிரியன் என்றே தன்னைக் கல்லில் குறித்திருக்கிறார். மோதல் நடந்தது உண்மை, தோற்றவர்கள் தோற்றதும் உண்மை. ஆனால் அவர்கள் இங்கேயே வாழ்ந்தும் இருக்கிறார்கள். புராணத்தை மட்டுமோ கல்வெட்டை மட்டுமோ படித்திருந்தால் இந்த முழுப் படமும் எனக்குக் கிடைத்திருக்காது. பக்கத்தில் அந்தத் தம்பி இல்லாமல் இருந்திருந்தால் கேள்வியே பிறந்திருக்காது.

ஆய்வேட்டுக்குப் பத்தாம் பாட்டுகளையே எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் குணமதியாரைப் பற்றிச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த அம்மாள் மகனுக்கு உடம்பு ஏதும் சரியில்லாமல் இருந்து வேண்டிக்கொண்டாரா என்று கேட்டார். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை, அப்பத்தா, என்றேன். “இருக்கும்டி” என்றார்.