கழுத்தில் அடிபட்ட பிள்ளைக்கு எப்போது சிடி ஆஞ்சியோ?

கோலாலம்பூரில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "எப்படி அடிபட்டது?" மோட்டாரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஹேண்டல் கழுத்தில் இடித்ததா? சீட் பெல்ட் தோளில் இல்லாமல் கழுத்தில் கிடந்ததா? வாயில் பென்சிலோ பல்துலக்கியோ வைத்துக்கொண்டு விழுந்ததா? ஏசுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் உட்சுவர் மட்டும் கிழிந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். பிள்ளை சிரித்துப் பேசும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போகச் சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம். அதற்குள் கண்டுபிடிக்கத்தான் சிடி ஆஞ்சியோ: சாய மருந்தைச் சிரையில் ஏற்றி, இரத்தக் குழாய்களைக் கதிரால் படமெடுக்கும் சோதனை.

அதற்காக எல்லாருக்கும் எடுப்பதில்லை. கதிர் போகும் வழியில், கதிரால் பாதிக்கப்படக்கூடிய தைராய்டு சுரப்பி இருக்கிறது. பெல்ட் தடம் மட்டும் இருந்து, வீக்கம், வலி, மந்தம் எதுவும் இல்லையென்றால் கவனித்துப் பார்த்தாலே போதும் என்பது எங்கள் கருத்து.

பிள்ளைகளுக்கென்று உருவான யூட்டா மதிப்பெண் உதவும். சுயநினைவைக் கணக்கிடும் கிளாஸ்கோ அளவு 8 அல்லது அதற்குக் கீழே என்றால் 1. ஒரு பக்கக் கைகால் பலவீனம் போன்ற நரம்புக் குறை 2. கரோட்டிட் என்னும் கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் நுழையும் எலும்புக் கால்வாயில் முறிவு 2. உட்காதைச் சுற்றியுள்ள மண்டையெலும்பின் பெட்ரஸ் பகுதி முறிவு 3. மூளையில் இரத்தம் போகாமல் செத்த பகுதி 3. கூட்டினால் 3 வந்தாலே ஸ்கேன். இதில் கழுத்து முள்ளெலும்பு கணக்கில் இல்லை. மேலேயுள்ள மூன்று கழுத்து முள்ளெலும்புகளில் ஏதேனும் ஒன்று முறிந்திருந்தால் மதிப்பெண் பாராமல் எடுக்கிறோம்.

சாய மருந்து ஊசியை வலது முழங்கை மடிப்பில் போடுவது நல்லது. இடக்கையில் போட்டால் அடர்ந்த மருந்து நெஞ்சின் குறுக்கே போகும் சிரையில் நின்று, தமனிகள் கிளம்பும் இடத்தை மறைத்துவிடும். சாய மருந்தின் அளவு கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லி; ஆகவே எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஆஸ்துமா, பழைய ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளை அசைந்தால் நல்ல தமனியும் கிழிந்ததுபோலத் தெரியும், வேண்டாத மருந்து தொடங்கிவிடும். அதனால்தான் சிறு குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்க நேர்கிறது.

காயம் உறுதியானால் பெரும்பாலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது ஹெப்பரின் கொடுப்போம். மூளையில் இரத்தக் கசிவு இருந்தால் நரம்பு அறுவை மருத்துவர் சொல்லும்வரை பொறுக்கவேண்டும். 7 முதல் 10 நாளில் மறு ஸ்கேன் உண்டு. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைத் தவறவிடாதீர்கள்: சிறு கிழிசல் இதற்குள் புடைத்து வீங்கியிருக்கலாம்.

வீட்டில் பேச்சு, சிரிப்பு, இரு கைப்பிடி, ஒரு பக்க இமைத் தொங்கல், கண்பாவைச் சுருக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். பேசாத குழந்தைக்கு இரு பக்கமும் பொம்மையை நீட்டுங்கள்; வழக்கமாக நீட்டும் கை வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999 அழையுங்கள்.