தடைக்காலத்துக்கு முன் ஏழு நாள்

ஏப்ரல் 2, 2025, புதன்

தடுப்பூசி நாள் என்பதால் காலை ஒன்பது மணிக்கே எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தா நிரம்பிவிட்டது. காசிமேட்டிலிருந்து வந்திருந்த இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், தம் மூன்றரை மாதக் குழந்தைக்கு ஊசி போட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே சென்ற நேரம் பார்த்து என்னருகே வந்து, "சிஸ்டர், பதினஞ்சாம் தேதி தடை வருது. அப்புறம் ரெண்டு மாசம் அவரு வீட்டுலதான் இருப்பாரு. எனக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்றார்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கருத்தடையைப் பற்றி ஒரு பெண் எண்ணிப் பார்க்கும் நாட்காட்டியும் அதுவேதான் என்பதை அவர் சொன்ன பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

பிரசவத்தின்போது, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார்களாம். வலியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வலியில் துடிப்பவரிடம் கேட்டு வாங்கும் பதில், அது சம்மதமாக இருந்தாலும் மறுப்பாக இருந்தாலும், பதிலே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. அதைப் பற்றிக் கர்ப்ப காலத்திலேயே நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். கர்ப்பத்தில் அவருக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையும் விட்டுப்போயிருந்தது. செவ்வாயன்று வெறும் வயிற்றில் தனியாக வரச் சொன்னேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வழக்கமாக அந்த நேரம் வீணாகப் போகும். இன்று முழுவதும் பேச்சுக்கே பயன்பட்டது.

முதலில் அவரைப் பேசவிட்டேன். கடந்த வாரம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்கிறார். மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, இந்த இரண்டும் பொருந்தி இருக்கும்போது, தாய்ப்பாலே பெரும்பாலும் கருத்தரிப்பைத் தடுக்கும். ஆனால் சென்ற வாரம் முதல் இரவில் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். இனி அதை நம்பியிருக்க முடியாது. கணவர் அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டார். சிறுநீர்ப் பரிசோதனையிலும் கர்ப்பம் இல்லை.

காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். தீக்குச்சியை விடச் சிறியதான அந்த வெள்ளைப் பொருளின் கையை விரலால் வளைத்தும், சுற்றியிருந்த செம்புக் கம்பியைத் தடவியும் பார்த்தார். கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போகும் வழியே கிடையாது என்று படம் வரைந்து காட்டினேன். பத்து ஆண்டு வரை பலன் தருவது என்பதால் என் மனம் அதன் பக்கமே சாய்ந்திருந்தது. ஆனால் அவருடைய ஹீமோகுளோபின் 9.4 மட்டுமே, அதாவது இரத்தசோகை. காப்பர்-டி போட்டால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

மாலா-என் கருத்தடை மாத்திரை, பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை ஏற்றதல்ல. சாயா மாத்திரை ஏற்றதுதான். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆனால் ஒரே அறை வீட்டில் மாத்திரை அட்டையை எங்கே வைப்பது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கணவர் கரைக்கு வரும் நாட்களில் மட்டும் மாத்திரை போட்டால் போதுமா என்றும் கேட்டார். போதாது, அப்படிப் போட்டுத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள் என்றேன்.

கடைசியில் அவரே தேர்ந்தெடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. இடையிடையே உதிரம் படலாம், மாதவிலக்கு நின்றே போகலாம், நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம், பால்வினை நோய்களை இது தடுக்காது என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னேன். இரத்த அழுத்தம் 118/76. மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின் புஜத்தில் போட்டு, தேய்க்க வேண்டாம், ஒத்தடம் கொடுக்க வேண்டாம் என்றேன். மாதவிலக்கு வராத நிலையில் போட்டதால் முதல் ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் ஆணுறை வேண்டும். எட்டிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சரியா பதினஞ்சு" என்றார். படகு முன்னதாகவே திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று நிரோத் ஆணுறையும் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு மணி நேரச் சர்க்கரை 148. 140-ஐத் தாண்டினால் நீரிழிவின் வாசற்படி. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றார். பத்து கரண்டிச் சர்க்கரையை ஒரு தாளில் அளந்து கொட்டியதும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு டீயாகக் குறைப்பதாகச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாமல் எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னேன். அந்தரா போடும் காலத்தில் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும் என்பதால், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் கேழ்வரகுக் கூழும் அவசியம். சிறு படகுகளுக்குத் தடை இல்லை, நெத்திலி கிடைக்கும்.

மே 21, புதன்

பன்னிரண்டு நாளாகச் சிறிது சிறிதாக உதிரம் படுகிறது என்று வந்தார். முகத்தில் பயம் இல்லை. "நீங்க சொன்னதுதானே சிஸ்டர்" என்றார். முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் இந்நேரம் ஊசியே வேண்டாம் என்றிருப்பார். ஹீமோகுளோபின் 10.2 ஆகியிருக்கிறது.

கணவரும் வந்திருந்தார், குழந்தையைத் தோளில் போட்டபடி. ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சை பற்றி அவராகவே கேட்டார். தழும்பு தெரியாத சிறு துளை போதும், அதன்பின் மூன்று மாதம் வேறு தடுப்பு வேண்டும் என்றேன். புகையிலை கலந்த மாவா போடும் பழக்கத்தைப் பற்றி நான் பேசியபோது தலை குனிந்துகொண்டார். அடுத்த முறையும் பேசுவேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொன்ன தேதிக்கே இரண்டாவது ஊசிக்கு வந்தார். கணவர் கடலுக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. டீ இரண்டாகவே நிற்கிறதாம். மாலையில் துறைமுகச் சாலையில் குழந்தையோடு அரை மணி நேரம் நடக்கிறாராம். சர்க்கரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மீண்டும் சொன்னேன்.

அட்டையில் அக்டோபர் 7 என்று எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து, குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் அந்த அட்டையை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லையாம்.