கதைக்கு ஒரு சண்டை தேடி நான்கு மாதம்

நான்கு மாதங்களில் பதினொரு கருக்களை எழுதி அடித்த பிறகு, சென்ற வாரம் பன்னிரண்டாவது கரு ஒருவழியாக நிலைத்திருக்கிறது. நம்மிடையே சோலார்பங்க் என்று வழங்கும், சூழல் அக்கறையும் நம்பிக்கையும் கொண்ட அறிவியல் புனைகதை ஒன்றை மதுரை மண்ணில் வைத்து எழுத வேண்டும் என்பதே நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை. கதையில் இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கரு கிடைத்ததற்கே இவ்வளவு பெருமையா என்று கேட்பவர்கள், ஒருமுறை இதை முயன்று பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

முதல் மூன்று கருக்களும் கருவிகளிலிருந்து பிறந்தவை. வைகையின் ஆகாயத்தாமரையைத் தின்று எரிவாயு தரும் மிதவை, கண்மாய் நீர்ப்பரப்பின் மேல் விரித்த சூரியத் தகடு, சீமைக்கருவேலத்தின் வேரை மட்டும் தேடி அழிக்கும் பூஞ்சை ஆகியவை அவை. நோட்டில் மூன்றும் அழகாகவே இருந்தன. ஆனால் இரண்டாம் பக்கத்துக்குள் ஊரில் எல்லோரும் மகிழ்ச்சியாகிவிட, மூன்றாம் பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக ஒரு பேராசைக்கார நிறுவனத்தைக் கொண்டுவந்தபோது, கதை வழக்கமான பேரழிவுக் கதையாகச் சரிந்தது. இப்படிச் சரிந்தவற்றில் அரிட்டாபட்டியை வைத்து எழுதியதுதான் மிகவும் உறுத்தியது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அதை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே திரண்டதையும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தால், என் கற்பனை நடந்ததற்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவதாகத் தோன்றியது.

சிக்கல் ஒரே இடத்தில்தான் இருந்தது. நல்லது நடந்துவிட்ட உலகத்தில் மனிதர்கள் எதற்காக முரண்படுவார்கள்? ஒவ்வொரு கருவின் தலைப்பிலும், "இது நடந்த மறுநாள் காலையில் யாருக்கு யார்மேல் கோபம்?" என்று எழுதி, அதற்கு விடை வராத கருவை அடித்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். சூரியத் தகட்டுக் கரு இதில் உடனே விழுந்தது. மிதவைக் கருவில், ஆகாயத்தாமரை தீர்ந்துபோனதால் மிதவைக்காரருக்கு வேலை போய்விடுகிறது என்று ஒரு கோபத்தை வலிந்து சேர்த்துப் பார்த்தேன்; ஆனால் அது ஒருவருடைய மனக்குறையாக நின்றதே தவிர, ஊரின் வழக்காக வளரவில்லை.

வழி காட்டியவர், மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியாகப் பல ஆண்டுகள் இருந்த என் பெரியப்பா. தண்ணீர் நிறைந்த எதிர்காலத்தில் சண்டையே இராது போலிருக்கிறது என்று அவரிடம் அலுத்துக்கொண்டேன். "தண்ணி வந்த வருசந்தானப்பா சண்டையே. வராத வருசம் எல்லாரும் சொந்தக்காரந்தான்" என்றார். எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாழிகை விடுவது, கோடையில் அள்ளும் வண்டலில் யாருக்கு எத்தனை வண்டி என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில், என் நோட்டில் இரண்டு பக்கங்கள் நிறைந்தன.

அதன் பிறகு ஆவணி மூலத்தன்று, பிட்டுத் திருவிழா நடக்கும் மதுரைப் பிட்டுத்தோப்பில் நின்றிருந்தபோதுதான் கரு பிடிபட்டது. திருவிளையாடல் புராணத்தில், உடைந்த வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காக இறைவனே உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்ததும், வேலை செய்யாமல் தூங்கிப் பிரம்படி பட்டதும் நமக்கெல்லாம் பாடம். வீட்டுக்கு ஒரு பங்கு கரை என்ற அந்த ஏற்பாடு அப்படியே எதிர்காலத்துக்குப் பொருந்துமே என்பது எனக்கு இத்தனை வயதில் அன்றுதான் உறைத்தது.

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, 2095-இல் கதை நடக்கிறது. கண்மாய்க் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு. ஆளில்லாத வீட்டுக்கு ஊர்ப்பொதுவிலிருந்து ஓர் இயந்திரக் கூலியாள் வரும். கிழவி ஒருத்தியின் பங்கில் மட்டும் அந்த இயந்திரம் மண் போடாமல் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்திற்கு அடியில், வண்டலில் புதைந்துபோன, கண்மாய் நீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மதகான குமிழித்தூம்பு ஒன்றில் இன்னும் நீர் அசைவதை அது கேட்டுவிட்டது. குமிழியின் நுட்பத்தைப் படித்து நான் ஒரு வாரம் வேறு வேலையே பார்க்கவில்லை. மேலே உள்ள நீரோடித் துளையில் தெளிந்த நீர் இறங்கும்போது, தரையை ஒட்டிய சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் இழுபட்டு, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியே வயலுக்குப் போய்விடும். 71 அடி வரை நீர் தேக்கும் வைகை அணையிலேயே வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்கும் இக்காலத்தில், தன் வயிற்றைத் தானே கழுவிக்கொள்ளும் கண்மாயைவிடப் பெரிய அறிவியல் புனைவு எனக்குத் தேவைப்படவில்லை. மழைக்குமுன் கரையை அடைப்பதா, கரையைத் தோண்டிக் குமிழியை மீட்பதா என்று ஊர் இரண்டாகப் பிரிகிறது. இருதரப்புக்கும் கண்மாய்மேல் அக்கறை என்பதால், மறுநாள் காலைக் கோபமும் தாராளமாகக் கிடைத்தது.

இடையில் ஒரு புலம்பல். பழைய பாசன வரைபடத்தின் நகல் தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஒருவர் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, வரத்துக்கால் எது, மாட்டுவண்டிப் பாதை எது என்று தெரியாத ஓர் ஒளிநகலைக் கொடுத்தார். வரைபடம் வாங்குவோர் பணம் கொடுக்குமுன் அதை வெயிலில் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னும் மசியாமல் நிற்பது அந்தப் பிரம்படி. புராணத்தில் இறைவன்மேல் பட்ட அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது. என் கதையில் இயந்திரத்தை அடித்தால் யாருக்கு வலிக்கும்? அந்த வலி எல்லோருக்கும் போய்ச்சேர, எல்லோரையும் ஒரே வலைப்பின்னலில் கோத்துவிடுவது மலிவான தந்திரமாகப் பட்டது. மிகைநீர் வெளியேறும் கலிங்கு ஒரு கண்மாயில் வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து என்பதால், கலிங்குப் பலகையை ஏற்றி இறக்கும் அந்த இயந்திரம் முடங்கினால் கீழே உள்ள ஏழு கண்மாய்களும் காயும் என்று மாற்றினேன். இது சரியாக அமைந்தாலும், ஊரே ஓர் இயந்திரத்தை நம்பிக் கிடப்பதாக ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரை நம்பிக்கையான எதிர்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகையை ஏற்றும் பொறுப்பைக் கிழவியிடமே கொடுத்துப் பார்க்கலாமா என்ற யோசனையில் இருக்கிறேன். அவள் வயதில் ஒருவரால் அந்தப் பலகையைத் தூக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவோடு கலிங்குக்குப் போகிறேன்.