விட்டமின் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்

“அண்ணை, விட்டமின் குளிசை எண்டு சொல்லி அவவுக்குக் குடுத்தால் என்ன?”

உடலுறவால் தொற்றும் கோனோரியா நோய் என்று தெரியவந்த ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்கு ஊசி போட்டாயிற்று, சலம் போகும்போது இருந்த எரிவும் நின்றுவிட்டது, இனி மனைவிக்கும் மருந்து போய்ச் சேரவேண்டும், ஆனால் விஷயம் மட்டும் போய்ச் சேரக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இப்படி யோசிப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோனோரியாக் கிருமிக்குப் பழைய அன்ரிபயோட்டிக்குகள் பல இப்போது கேட்பதில்லை, அதனால்தான் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். மருந்துக்கடைக் குளிசையை நம்பி இருக்க முடியாது. இதே வழியில் தொற்றும் இன்னொரு நோயான கிளமிடியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையை வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். மனைவிக்கு எந்த மருந்து ஒவ்வாது, கூடவே சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் இருக்கிறதா என்பதெல்லாம் பரிசோதித்தால்தானே தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலே, அது அவருடைய உடம்பு. எதற்கென்று தெரியாமல் ஒருவர் மருந்து விழுங்குவது சரியே இல்லை.

‘அவவுக்கு ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கிறா’ என்பதையும் நம்பவேண்டாம். கோனோரியாவோ கிளமிடியாவோ தொற்றிய பெண்கள் பலருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறி, பிறகு பிள்ளை தங்காமல் போகும் அளவுக்குக் கொண்டுபோகலாம். ஒருமுறை வந்து மாறினால் இனி வராது என்பதும் இல்லை. மருந்தெடுக்காத துணையிடமிருந்து அதே நோய் திரும்ப உங்களுக்கே வரும்.

வீட்டில் சொன்னவுடன் வெடிக்கிற கேள்வி, யார் யாருக்குத் தந்தது என்பது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடிய நோய் இது, முதலில் யாருக்கு அறிகுறி வந்தது என்பதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. அந்த வழக்கைப் பிறகு பேசலாம். முதல் நாள் இவ்வளவு போதும்: “எனக்கு இப்படி ஒரு கிருமி இருக்காம், உனக்கும் இருக்கலாம், மருந்து இருக்கு, நாளைக்குப் போவம்.” வீட்டுக்கு வெளியே உறவு இருந்தால் அவரும் கணக்கில் வருவார், அவருக்கு வைபரில் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். கோனோரியா, கிளமிடியா என்றால் கடந்த 60 நாட்களில் உறவு வைத்தவர்கள் எல்லோரையும் சேர்ப்பது வழக்கம். சிபிலிஸ் என்றால் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் போகும், 90 நாட்களுக்குள் உறவு வைத்தவருக்கு இரத்தத்தில் ஒன்றும் காட்டாவிட்டாலும் மருந்து கொடுப்பார்கள், ஏனென்றால் பரிசோதனையில் தெரியவரச் சில வாரங்கள் எடுக்கும்.

சொன்னால் அடி விழும் என்று பயமிருந்தால் நீங்களாகச் சொல்லப் போகாதீர்கள். கிளினிக்கில் தாதியிடம் அதை முதலே சொல்லுங்கள், உங்கள் பெயரை வெளியே விடாமல் துணைக்கு அறிவிக்க வழி பார்ப்பார்கள்.

பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கென்று தனி கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, விபரம் வெளியே போகாது. ஆனால் யாழ்ப்பாணம் சின்ன இடம், வாசலில் ஒரு மாமியோ மச்சானோ நிற்கக்கூடும் என்ற பயம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. அப்படியென்றால் வவுனியாவிலோ கொழும்பிலோ போய்க் காட்டுங்கள், அங்கேயும் இதே சேவைதான். துணைக்கு உங்களோடு வர விருப்பமில்லையென்றால் தனியாகப் போகட்டும்.

இரண்டு பேரும் மருந்தெடுத்து முடித்து 7 நாட்கள் போகும்வரை உறவு வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம். 3 மாதம் கழித்து இருவரும் திரும்ப ஒருமுறை பரிசோதியுங்கள். சிபிலிஸ் என்றால் இரத்தப் பரிசோதனை அதற்குப் பிறகும் தொடரும், அந்தத் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.