ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம்

"கையெழுத்துப் போட்டாச்சு, இனிமேல் போயே ஆகணும்" என்று நினைத்து அமெரிக்காவில் எத்தனையோ வீடுகள் தூக்கம் இல்லாமல் தவிக்கின்றன. அது உண்மையில்லை. பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் நாள் வரை விலகலாம். எங்கள் தெருவில் ஒரு மெக்சிகன் குடும்பத்தோடு கூடவே நின்று இதை முடித்திருக்கிறோம். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சான் டியாகோவுக்குத் தெற்கே, சூலா விஸ்டாவில். ஒரு பக்கம் மெக்சிகோ எல்லை, இன்னொரு பக்கம் கடற்படைத் தளம், வடக்கே போனால் கேம்ப் பெண்டில்டன் மரீன் முகாம். பள்ளியில் மதிய இடைவேளையில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பது இங்கே யார் கண்ணையும் உறுத்துவதில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் அந்த மெக்சிகன் குடும்பத்துப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்த கையோடு தரைப்படைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வயது பதினேழு என்பதால் பெற்றோர் சம்மதமும் தேவைப்பட்டது. படிவம் முழுக்க ஆங்கிலம். படிப்புச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும்தான் அந்த அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

சில மாதங்களில் பையனின் மனம் மாறியது. நர்ஸிங் படிக்க ஆசை. போனில் சொன்னதும் ரெக்ரூட்டர் மிரட்டத் தொடங்கினார். வாரண்ட் வரும், ஜெயில் உண்டு, அப்பாவின் கிரீன் கார்டுக்கும் சிக்கல் வரும் என்றார். ஜெயிலைக்கூட அவன் தாங்கியிருப்பான். கிரீன் கார்டு என்ற வார்த்தைதான் அந்த வீட்டைக் குலைத்துப்போட்டது.

"அவனைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா? நீங்க படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு நடுவே ஒப்பந்தத்தையும் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தோம். மொத்தக் கடமைக் காலம் எட்டு வருடம் என்று அதிலேயே இருக்கிறது. நாலு வருடத்தில் முடிந்துவிடும் என்றுதான் பையன் நம்பிக்கொண்டிருந்தான். மீதி வருடங்கள் ரிசர்வ் பட்டியலில் கழியும், தேவைப்பட்டால் திரும்ப அழைப்பார்கள் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்போது இருந்தது டிலேயிட் என்ட்ரி புரோகிராம் என்ற காத்திருப்புப் பட்டியலில். தரைப்படை இதற்கு ஃபியூச்சர் சோல்ஜர் என்று பெயர் வைத்திருக்கிறது. கிளம்பும் நாளன்று இன்னொரு முறை உறுதிமொழி எடுத்த பிறகுதான் முழுநேரப் பணி தொடங்கும். அது வரைக்கும் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ஜி.ஐ. ரைட்ஸ் ஹாட்லைன் என்ற இலவச உதவி எண்ணைப் பிடித்தோம். பையனே பேசினான். அவர்கள் சொன்னபடி ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதினான். பெயர், கையெழுத்திட்ட தேதி, கிளம்ப வேண்டிய தேதி, மேற்படிப்புக்குப் போக முடிவு செய்துவிட்டதால் விலக்கு வேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவுதான். சண்டை இல்லை, மன்னிப்பும் இல்லை. ரெக்ரூட்டருக்கு மேலே இருக்கும் பட்டாலியன் தளபதியின் பெயருக்கு, அக்னாலட்ஜ்மென்ட் கார்டோடு சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பினோம். நகல் எடுத்து அதே பிளாஸ்டிக் கவரில் வைத்தோம்.

இதில் மிக முக்கியமானது, ரெக்ரூட்டர் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. "நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது" என்று கூப்பிடுவார்கள். போக வேண்டிய கட்டாயமே இல்லை. எங்கள் தெருவுக்கே ஒருவர் சீருடையில் வந்தார். அந்த அம்மா வாசலை விட்டு நகரவில்லை. "கடிதம் அனுப்பியாச்சு, பதிலையும் கடிதமா அனுப்புங்க" என்று ஸ்பானிஷில் சொன்னார். அவர் குரல் துளிகூட நடுங்கவில்லை. தேதி வந்தது, பையன் போகவில்லை. வாரண்டும் வரவில்லை, போலீஸும் வரவில்லை. பிறகு விலக்கு உத்தரவு தபாலில் வந்து சேர்ந்தது.

லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோக்களின் வீடுகளில் இந்தப் பாரம் நேற்று வந்ததில்லை. வியட்நாமில் தங்கள் பிள்ளைகள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாகச் சாகிறார்கள் என்று கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 1970 ஆகஸ்ட் 29 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். அன்று ஷெரீஃப் துறையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டுத்தான் பத்திரிகையாளர் ரூபன் சலசார் இறந்தார். எங்கள் மாவட்டத்திலேயே எஸ்கோண்டிடோவைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சுவாரெஸ் டெல் சோலார் 2003-ல் ஈராக்கில் மகனைப் பறிகொடுத்தார். அமெரிக்கப் படையே வீசிய கொத்துக்குண்டுகளில் வெடிக்காமல் கிடந்த ஒன்றை மிதித்து அந்தப் பையன் இறந்தான். அதன் பிறகு அந்தத் தந்தை பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களிடம் பேசினார். 2006-ல் திஹுவானாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ நோக்கிப் போன அமைதிப் பயணத்தை முன்னின்று நடத்தினார். நடப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த தூரம் 241 மைல், காந்தியின் தண்டி யாத்திரைக் கணக்கு. அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சேர விரும்பும் பிள்ளையைத் தடுக்க நான் யார்? ஆனால் முழு விவரத்தையும் மறைத்து வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது. ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அது தானாக வராது. பெற்றோருக்குக் குடியேற்றக் காகிதம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கலிஃபோர்னியாவில் முதன்முறை முழுநேரமாகச் சேருபவர்களுக்கு முதல் இரண்டு வருடம் கல்விக் கட்டணம் வாங்காத கம்யூனிட்டி காலேஜ்கள் நிறைய இருக்கின்றன. பையன் இப்போது அப்படி ஒன்றில்தான் படிக்கிறான்.

அவன் தங்கை உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் அடுத்த வேலையை முடித்தோம். மத்திய அரசின் நிதி வாங்கும் பள்ளிகள், ரெக்ரூட்டர் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கொடுத்தாக வேண்டும். 2002 முதல் இதுதான் சட்டம். பெற்றோர் எழுத்தில் மறுத்தால் கொடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளி திறந்த உடனே கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பள்ளியில் அஸ்வாப் என்ற ராணுவத் தகுதித் தேர்வு வைத்தால், மதிப்பெண்களை ரெக்ரூட்டர்களுக்கு அனுப்பாத எட்டாவது ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கும்படி முதல்வரிடம் கேளுங்கள். அதைத் தீர்மானிக்கும் உரிமை பள்ளிக்கு இருக்கிறது. மறுப்புக் கடிதத்தை ஸ்பானிஷில் மொழிபெயர்த்து, ஞாயிறு பூசை முடிந்து வரும் அம்மாக்களுக்கு இப்போது நகல் எடுத்துக் கொடுப்பது அந்தப் பையனின் அம்மாதான்.