‘தடைகள்’ என்ற ஒரு சொல்லுக்கு நான்கு மாதம்

வாய்மொழித் தேர்வு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கோ இன்னும் கோபம்தான் தீரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போகிறார்கள், எந்த இடத்தில் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. முனைவர் பட்டத்துக்குச் செலவிட்ட ஐந்தரை ஆண்டில் அவர்களோடு உட்கார்ந்து பேசிய காலம் ஏழு மாதம்கூட இல்லை. அவர்களோடு பேசலாம் என்று ஒரு காகிதம் வாங்கவே பதினான்கு மாதம் ஆனது. இதே துறைக்கு வரப்போகிறவர்கள் என்னைப் போல அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவு, கோர்ஸ் வொர்க், முன்மொழிவு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியில் தொடங்கியது.

2022 ஜனவரியில் விண்ணப்பத்தைப் பதினைந்து பிரதிகள் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒப்படைத்தேன். கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். மார்ச் கூட்டத்துக்குச் சட்ட வல்லுநரான உறுப்பினர் வரவில்லை. கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர்கள் (கோரம்) இல்லையென்று ஒத்திவைத்துவிட்டார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதால் எனக்கு மூன்று மாதம் போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்று உறுப்பினர் ஒருவரை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கமிட்டியைக் கேட்கலாம். நான் கேட்கவில்லை, ஏனென்றால் ஜூனில் அவர்கள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

ஜூனில் மூன்று ஆட்சேபங்கள் வந்தன. முதலாவது, சம்மதப் படிவத்தின் மொழி. இந்த ஆட்சேபம் சரியானது. புலம்பெயர் தொழிலாளர்கள் எளிதில் வற்புறுத்தப்படக்கூடியவர்கள், அவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படை. நான் இந்தியிலும் ஒடியாவிலும் மொழிபெயர்த்து, அதை வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, சான்றிதழும் இணைத்திருந்தேன். காகிதத்தில் எல்லாம் பொருந்தின. ஆனால் ஜார்க்கண்டிலிருந்து வந்து பவர் டேபிள் என்னும் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவனிடம் சோதனைக்காக வாசித்துக் காட்டியபோது இரண்டாவது பத்தியிலேயே நிறுத்திவிட்டான். ‘கோபனீயதா’ என்றால் என்ன என்று கேட்டான். ரகசியம் காப்பது என்பதற்கு அலுவலக இந்தியில் உள்ள சொல் அது. அவன் வீட்டில் பேசுவது சாத்ரி. அடுத்த பத்தியில் ‘க்ஷதிபூர்த்தி’. இழப்பீடு என்று பொருள். அதில் ‘க்ஷதி’ மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. “தீதி, எனக்கு என்ன சேதம் வரப்போகிறது?” என்று எழுந்துவிட்டான்.

ஆகவே முதல் எச்சரிக்கை: மொழிபெயர்ப்புச் சான்றிதழை நம்பாதீர்கள். படிவத்தைக் கமிட்டிக்கு அனுப்பும் முன் நான்கு பேரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே முகம் மாறுகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். எல்லா வெளிமாநிலத்தாரையும் ‘வட மாநிலத்தவர்’ என்று ஒரே மூட்டையில் கட்டி, இந்தி தெரிந்த ஓர் உதவியாளர் போதும் என்று நினைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒடிசா எப்போது வட மாநிலம் ஆனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் வேலையைக் காப்பாற்றியது ராயகடா மாவட்டத்துக்காரர் ஒருவர். எட்டு ஆண்டாகத் திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்தவர், தமிழும் சரளமாகப் பேசுவார்.

இரண்டாவது ஆட்சேபம்: ஒவ்வொரு தொழிலாளியின் கம்பெனியிலிருந்தும் அனுமதிக் கடிதம் வேண்டும். இதற்கு மட்டும் நான் பணியவில்லை. முதலாளியின் கடிதத்தோடு விடுதிக்குள் போனால், ‘மாட்டேன்’ என்று எந்தத் தொழிலாளி சொல்வார்? முதலாளி போன்ற ‘வாயில்காப்பவரின்’ அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று அதே நெறிமுறைகளிலிருந்தே எடுத்துக் காட்டினேன். நேர்காணல்களை விடுதிக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். கையெழுத்துக்குப் பதிலாகச் சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்றும் கேட்டேன். வெற்றுத் தாளில் கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்து அனுபவப்பட்டவர்களிடம் மைப்பெட்டியை நீட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இரண்டும் கிடைத்தன. இந்தக் கதையில் என் வெற்றி என்று சொல்லிக்கொள்ள இருப்பது இவ்வளவுதான்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் சுற்றவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பதால் சென்னையிலுள்ள ஓர் அரசு அலுவலகத்தின் அனுமதியைக் கமிட்டி கேட்டது. அந்த அலுவலகமோ கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்காது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் என்ற கதை. இரண்டு மாதம் இரு பக்கமும் கடிதம் எழுதிய பிறகு, கமிட்டி அலுவலகத்தில் கோப்பு எடுத்துவைக்கும் அம்மா ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: “நிபந்தனைக்குட்பட்ட ஒப்புதல் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை.” கேட்டேன், செப்டம்பரில் கொடுத்தார்கள். இந்த ஐந்து நிமிடத் தகவல் ஜனவரியிலேயே தெரிந்திருந்தால்!

அக்டோபரில் சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடிகாலை சென்ட்ரலில் இறங்கி, பத்து மணிக்குத் தபால் பிரிவில் நின்றேன். கடிதத்தைப் புரட்டிப் பார்த்த எழுத்தர் அதைத் திருப்பித் தள்ளினார். ‘பொருள்’ இருக்கிறது, ‘பார்வை’ எங்கே? பார்வையில் கமிட்டிக் கடிதத்தின் எண்ணும் நாளும் இல்லாவிட்டால் பதிவேட்டில் ஏற்ற முடியாதாம். கடிதமோ பல்கலைக்கழக முத்திரைத் தாளில், நெறியாளர் கையெழுத்தோடு இருந்தது. வெளியில் ஜெராக்ஸ் கடையில் திருத்தி அடிக்கிற சமாச்சாரமில்லை. அன்றிரவே திரும்பினேன். அடுத்த வாரம் மறுபடி போய், கடிதம் பதிவேட்டில் ஏறியதற்கு அடையாளமான ந.க.எண் வாங்கினேன். அந்த எண் இல்லாமல் தொலைபேசியில் விசாரித்தால் மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் காற்று. கைப்பேசியில் அல்ல, ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் அழைப்பு வந்தது. ஆய்வுத் தலைப்பில் ‘மருத்துவச் சேவை பெறுவதில் உள்ள தடைகள்’ என்று இருந்தது. பிரிவுக் கண்காணிப்பாளர் அந்தச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். “ஏம்மா, தடைகள் இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துவிட்டால் அப்புறம் ஆய்வு எதற்கு?” என்றார். துறையைக் குறை சொல்லும் தலைப்பு மேலே போகாது என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வி ஆய்வு முறையியல்படி மிகச் சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

‘தடைகள்’ போய் ‘பயன்பாடு’ வந்தது. ஒரே சொல்தானே என்று நினைக்காதீர்கள். துறையிடம் உள்ள தலைப்பும் கமிட்டியிடம் உள்ள தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கமிட்டியிடம் மாற்ற, பல்கலைக்கழகப் பதிவில் மாறியிருக்க வேண்டும். அதற்கு ஆய்வுக் குழு கூட வேண்டும். குழு கூட, வெளி உறுப்பினர் ஊரில் இருக்க வேண்டும். 2023 பிப்ரவரி 27ஆம் தேதியிட்ட அனுமதி கைக்கு வந்தபோது நான்கு மாதம் கழிந்திருந்தது. ஆரம்பத்திலேயே சாதுவான தலைப்பாக வையுங்கள். காரத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரமே வந்தது அடுத்த இடி. மார்ச் முதல் வாரத்தில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. ஹோலி நேரம் வேறு. ஊருக்குப் போகிறவர்கள், பயந்து போகிறவர்கள் என்று ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. நோட்டுப் புத்தகத்தோடு இந்தியில் கேள்வி கேட்கும் ஒருத்தியிடம் அப்போது யார் பேசுவார்கள்? மூன்று வாரம் ஒரு நேர்காணல்கூட நடக்கவில்லை. அனுமதிக் கடிதத்தின் ஆறு மாதக் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏப்ரலில்தான் காதர்பேட்டை டீக்கடைகளில் பேச்சு தொடங்கியது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலை துணி எடுக்க வருவார்கள். அங்கே கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருவருக்கு நான்கு நாள் காய்ச்சல். ஒன்றரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். மருத்துவர் பார்த்தார், மாத்திரையும் கிடைத்தது, எல்லாம் இலவசம். மாத்திரைக் கவரின் மேல் 1-0-1 என்று, அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று என்று, எழுதியிருந்தது. அதை டோக்கன் எண் என்று நினைத்து, இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது, கூப்பிடுவார்கள் என்று மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். மாத்திரையை அவர் போடவே இல்லை. கவரைப் பத்திரமாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். பதிவேட்டின்படி அவர் சிகிச்சை பெற்ற நோயாளி. பின்னாளில் இன்னொரு நிலையத்தில், கவரின் மேல் சூரியனும் பிறையும் வரைந்து கொடுக்கும் நர்ஸ் ஒருவரைப் பார்த்தேன். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் 26 அன்று அனுமதி முடிந்தது. நீட்டிப்புக்கு மாதத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தேன், வந்துவிடும் என்று நம்பி நேர்காணல்களைத் தொடர்ந்தேன். நீட்டிப்பு செப்டம்பர் 7ஆம் தேதியிட்டு வந்தது, முன்தேதியிட்டு அல்ல. இடையில் பதினொரு நாள், ஒன்பது நேர்காணல்கள். கட்டுரையை ஏற்ற ஆய்விதழ் அனுமதி எண்ணையும் காலத்தையும் கேட்டபோதுதான் கவனித்தேன். ஒன்பதையும் நீக்கினேன். அதில் ஒன்று, மூன்று கம்பெனியில் மூன்று ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண்களோடு, ஒன்றுகூடப் பயன்படாமல், பிரசவச் செலவுக்கு வட்டிக்கு வாங்கிய பெண்ணுடையது. இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பேசியவர். அவருடைய சொற்களை எங்கும் எடுத்துக்காட்ட எனக்கு உரிமையில்லை. நீட்டிப்பை மூன்று மாதம் முன்பே கேளுங்கள். கேட்டுவிட்டு, கடிதம் வரும்வரை சும்மா இருங்கள்.

கொள்கை ஆய்வில் இன்னொரு வில்லங்கம், கொள்கை உங்களுக்காகக் காத்திருக்காது. நான் களத்தில் இருந்தபோது ஒடிசா, ஒன்றிய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இல்லை, அதையொட்டி ஓர் இயலே எழுதினேன். 2025இல் சேர்ந்துவிட்டது. மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களுக்கான 1979 சட்டத்தைப் பற்றிப் பதினான்கு பக்கம் வைத்திருந்தேன். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. “இந்தச் சட்டம் இப்போது இல்லையே அம்மா?” என்றுதான் புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வையே தொடங்கினார்.

நானும் கவுன்டர் கவுன்டராக அலைந்ததால் தொழிலாளர்களின் நிலை எனக்குப் புரிந்தது என்று முன்னுரையில் எழுதச் சொன்னார் ஒரு நண்பர். மறுத்துவிட்டேன். நான் சென்னையில் காத்திருந்த நாட்களிலும் எனக்கு உதவித்தொகை வந்துகொண்டுதான் இருந்தது.

அனுமதியின் ஏழாவது நிபந்தனைப்படி ஆய்வேட்டின் இரண்டு பிரதிகளை அதே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். போன வாரம் போனேன். இம்முறை ‘பார்வை’ சரியாக இருந்தது. புதிய எழுத்தர் அட்டையில் இருந்த தலைப்பை அனுமதிக் கடிதத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். உள்ளே புரட்டவில்லை. நான்காம் இயலின் தலைப்பு ‘தடைகள்’.